முன்பே கிடைத்த இடமும் பின்னால் வரும் கட்டண உதவியும்: தமிழகக் கல்லூரிச் சேர்க்கை வரலாற்றில் ஒரு பகுதி

ஒரு கல்லூரியில் இடம் உறுதியான பிறகும் வேறு கல்லூரிகளுக்கு விண்ணப்பித்து, எங்கே குறைந்த செலவில் படிக்க முடியும் என்று ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. தமிழகத்தில் இதற்குத் தனிப் பெயர் இல்லை. 'ஒரு சீட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு கவுன்சிலிங்குக்குக் காத்திருப்பது' என்று பேச்சில் சொல்வார்கள். அப்படிக் காத்திருப்பதற்கும் பணம் வேண்டும் என்பதுதான் இதிலுள்ள சிக்கல்.

மாதனூர், சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் ஆம்பூருக்கும் பள்ளிகொண்டாவுக்கும் இடையே உள்ள ஊர்; ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம். 2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது திருப்பத்தூர் மாவட்டத்தோடு சேர்ந்தது. சுற்றுவட்டாரக் குடும்பங்கள் பலவற்றுக்குத் தோல் பதனிடும் ஆலைகளும் ஆம்பூரின் காலணித் தொழிற்சாலைகளும் வருமானம் தருகின்றன. காலணித் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அந்த வீடுகளில் கல்லூரிக்குப் போகும் முதல் தலைமுறைக்கு 'எந்தக் கல்லூரி?' என்ற கேள்வி வருமுன் 'எவ்வளவு?' என்ற கேள்வி வந்துவிடுகிறது.

ஒப்பிட அதிகம் இல்லாத காலம்

இப்பகுதியின் பழைய கல்லூரிகள் சமய அமைப்புகளாலும் வணிகர்களின் கொடையாலும் எழுந்தவை. வேலூர் ஊரிசு கல்லூரி 1898இல் தொடங்கியது. வாணியம்பாடி இசுலாமியாக் கல்லூரி 1919இல் வந்தது. திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரி (1951), காட்பாடி ஆக்சிலியம் கல்லூரி (1954), மேல்விசாரம் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி (1965), ஆம்பூர் மஜ்ஹருல் உலூம் கல்லூரி (1969) என வரிசை நீள்கிறது. மேல்விசாரம் கல்லூரி தோல் வணிகரும் கொடையாளருமான ஒருவரின் பெயரைத் தாங்கியது. பட்டியல் சாதி மாணவர்களுக்கான மேற்படிப்பு உதவித்தொகையை இந்திய அரசு 1944இலேயே தொடங்கியிருந்தது.

அரசு உதவி பெற்ற கலைக் கல்லூரிகளின் காலத்தில் ஒரு கல்லூரிக்கும் இன்னொன்றுக்கும் இடையே கட்டணத்தில் பெரிய வேறுபாடு இல்லை. பேருந்துச் செலவையும் விடுதிச் செலவையும் எண்ணிப் பார்த்தால் கணக்கு முடிந்துவிடும்.

ஒரே வகுப்பில் இரண்டு கட்டணம்

1984இல் எம். ஜி. ஆர். ஆட்சி தனியார் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி அளித்தது. அந்த ஆண்டே வேலூர் பொறியியல் கல்லூரி தொடங்கப்பட்டது; 2001இல் அது வி.ஐ.டி. என்னும் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. 1993இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம், தனியார் தொழிற்கல்லூரிகளின் இடங்களைப் பாதி 'இலவச இடம்', பாதி 'கட்டண இடம்' என்று பிரித்தது. 2002இல் டி. எம். ஏ. பாய் வழக்கில் பதினொரு நீதிபதிகள் அமர்வு அந்தத் திட்டத்தை நீக்கியது. ஆனால் ஒரே பெஞ்சில் அமரும் இருவர் இரு வேறு கட்டணம் கட்டும் நிலை அரசு ஒதுக்கீடு, நிர்வாக ஒதுக்கீடு என்ற பெயர்களில் தொடர்ந்தது.

2017இல் கட்டண நிர்ணயக் குழு, தேசிய அங்கீகாரம் பெறாத பொறியியல் படிப்புகளுக்கு ஆண்டுக் கட்டணமாக அரசு ஒதுக்கீட்டில் 50,000 ரூபாயும் நிர்வாக ஒதுக்கீட்டில் 85,000 ரூபாயும் நிர்ணயித்தது. நான்கு ஆண்டுக்கு வேறுபாடு 1,40,000 ரூபாய். ஆசிரியர், ஆய்வகம், பட்டம் எல்லாம் ஒன்றே. மாணவர் எந்த வாசல் வழியாக உள்ளே வந்தார் என்பது மட்டுமே வேறு.

கட்டண உதவியும் பெரும்பாலும் அந்த வாசலோடு கட்டப்பட்டது. 2010இல் தமிழக அரசு அறிவித்த முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை, குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிக்க வருபவருக்கு உரியது. ஒற்றைச்சாளர முறையில் தொழிற்கல்விக்கு வந்தவருக்குத்தான் அது கிடைத்தது. 2021இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காட்டு ஒதுக்கீடு சட்டமானது. அந்த ஆண்டு செப்டம்பர் 20 அன்று அண்ணா பல்கலைக்கழகத்தில் சேர்க்கை ஆணைகளை வழங்கிய முதலமைச்சர் மு. க. ஸ்டாலின், அவர்களின் கல்விக் கட்டணத்தோடு விடுதி, கலந்தாய்வுக் கட்டணங்களையும் அரசே ஏற்கும் என்றார். இதுவும் கலந்தாய்வு வழி வருபவர்களுக்கே.

நாள்காட்டியோ நேர்மாறாக ஓடுகிறது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் சேர்க்கையும் நிர்வாக ஒதுக்கீட்டு இடங்களும் கோடையிலேயே நிரம்பத் தொடங்கும். அரசுக் கலந்தாய்வு அதற்குப் பின்னரே வரும். முதலில் கையில் வருவது பெரும்பாலும் செலவு கூடிய இடம். உதவியோடு வரும் இடம் பிந்தி வருகிறது. விதிவிலக்குகளும் உண்டு. தமிழகத்தின் ஒவ்வொரு மாவட்டத்திலும் அரசுப் பள்ளியில் முதலிடம் பெறும் ஒரு மாணவனுக்கும் ஒரு மாணவிக்கும் கட்டணம், விடுதி இரண்டையும் தானே ஏற்கும் 'ஸ்டார்ஸ்' திட்டத்தை வி.ஐ.டி. நடத்துகிறது. மாவட்டத்துக்கு இருவர் என்பது சிறு எண்ணிக்கைதான்.

2020 நவம்பர்

உதவி பற்றிய செய்தி சில நாள் தாமதமானால் என்ன ஆகும் என்பதை மருத்துவக் கலந்தாய்வு காட்டியது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு ஒதுக்கும் ஏற்பாடு 2020 அக்டோபர் இறுதியில் நடைமுறைக்கு வந்தது. கலந்தாய்வு நவம்பர் 18 அன்று தொடங்கியது. அரசுக் கல்லூரி கிடைத்தவர்களுக்குக் கவலை இல்லை. சுயநிதிக் கல்லூரியில் இடம் வந்தவர்களுக்கு ஆண்டுக் கட்டணமே பல லட்சம். கூலி வேலை செய்யும் பெற்றோரோடு வந்திருந்த மாணவர்கள் சிலர் அந்த இடத்தை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பினார்கள்.

அடுத்த சில நாட்களுக்குள், அந்த ஒதுக்கீட்டில் சேரும் மாணவர்களின் கட்டணத்தை அரசே கட்டும் என்றும் அதற்குச் சுழல்நிதி உருவாக்கப்படும் என்றும் முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். இடத்தை விட்டுவிட்டவர்கள் உயர் நீதிமன்றத்தை நாடினார்கள். நீட் தேர்வில் மதிப்பெண் இருந்தது, இடமும் இருந்தது. உதவி வரும் என்ற செய்தி மட்டும் அந்த மேசையில் இல்லை.

சான்றிதழும் கட்டிய பணமும்

இடத்தை விட்டவருக்கு இழப்பு அப்படி என்றால், பிடித்து வைத்தவருக்கு வேறு தளைகள் இருந்தன. சேரும்போது கொடுத்த மாற்றுச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும் கல்லூரியின் பெட்டியில் இருக்கும். கட்டிய பணம் திரும்புமா என்பதும் தெரியாது. அசல் சான்றிதழ் கையில் இல்லாதவர் அடுத்த கலந்தாய்வில் எதைக் காட்டுவார்?

2003இல் இஸ்லாமிக் அகாடமி வழக்கில் உச்ச நீதிமன்றம், முழுப் படிப்புக்கான கட்டணத்தையும் முன்கூட்டியே வாங்கக் கூடாது, ஓராண்டு அல்லது ஒரு பருவத்துக்கு உரியதையே வாங்கலாம் என்றது. 2007இல் பல்கலைக்கழக மானியக் குழு, வகுப்பு தொடங்குமுன் விலகுபவரிடம் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது, அசல் சான்றிதழை வைத்துக்கொள்ளக் கூடாது என்று பொது அறிவிப்பு வெளியிட்டது. பதினோரு ஆண்டு கழித்து, 2018 அக்டோபரில், அதையே விரிவாக மீண்டும் சொல்ல வேண்டி வந்தது. முதல் அறிவிப்பு எவ்வளவு தூரம் பின்பற்றப்பட்டது என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம். புதிய விதிப்படி, சேர்க்கையின் கடைசி நாளுக்குப் பதினைந்து நாளோ அதற்கு மேலோ முன்னதாக விலகினால் முழுக் கட்டணமும் திரும்பும். நடைமுறைச் செலவாக அதிகபட்சம் 5,000 ரூபாய் பிடிக்கலாம். அதன்பின் 90, 80, 50 விழுக்காடு என்று குறைந்து, கடைசி நாள் கழிந்து முப்பது நாளானால் ஒன்றும் இல்லை. நுழைவுத் தேர்வுகள் தாமதமான 2022இல், அக்டோபர் 31 வரை விலகுபவர்களுக்கு முழுத் தொகையையும் திருப்பித் தருமாறு மானியக் குழு அறிவுறுத்தியது.

அமெரிக்காவின் வேறு பாதை

அமெரிக்காவில் பேச்சு வேறு விதமாக நடந்தது. அங்கே உதவித்தொகையைக் கல்லூரிகளே தீர்மானிப்பதால், ஒரே மாணவருக்கு இரு கல்லூரிகள் இரு வேறு தொகை சொல்லும். 1958 முதல் ஐவி லீக் பல்கலைக்கழகங்களும் எம்.ஐ.டி.யும் கூடி, பொதுவாகத் தேர்வான மாணவர்களுக்கான உதவியை ஒரே அளவாக வைத்துக்கொண்டன. மாணவர் பேரம் பேச அதில் இடமில்லை. இது வணிகப் போட்டிச் சட்டத்துக்கு எதிரானது என்று 1991இல் அந்நாட்டு நீதித்துறை வழக்குத் தொடுத்தது. ஐவி லீக் கல்லூரிகள் உடன்பட்டு விலகின, எம்.ஐ.டி. வழக்காடி 1993இல் சமரசம் கண்டது. அந்நாட்டின் 'எர்லி டிசிஷன்' முறையில், முன்கூட்டியே தேர்வாகும் மாணவர் பிற விண்ணப்பங்களைத் திரும்பப் பெறுவதாக வாக்களிக்கிறார். உதவித்தொகை போதாது என்றால் மட்டும் அவர் விலகலாம். ஒப்பிட்டுப் பார்த்தே சேர வேண்டிய ஏழை மாணவருக்கு இந்த முறை பாதகமானது என்ற விமர்சனம் நெடுங்காலமாக உண்டு.

மேல்நோக்கி நகர்தல்

2017 வரை பொறியியல் கலந்தாய்வு நேரடியாக நடந்தது. அழைப்புக் கடிதத்தோடு குடும்பமே சென்னைக்கு வரும். திரையில் காலியிடங்கள் ஓடும். சில நிமிடங்களில் முடிவு சொல்ல வேண்டும். 2018இல் இணையவழிக்கு மாறியது. 2022 முதல், ஒதுக்கப்பட்ட இடத்தை ஏற்றுக்கொண்டே அதைவிட விருப்பமான இடத்துக்குக் காத்திருக்கும் வசதி வந்தது. பிடித்து வைப்பதும் காத்திருப்பதும் முதன்முறையாக விதிக்குள்ளேயே இடம்பெற்றன. ஆனால் இந்த நகர்வு அந்த ஒரே சாளரத்துக்குள்தான். வாணியம்பாடியிலோ வேலூரிலோ கலைக் கல்லூரியில் முன்பே பணம் கட்டிய மாணவி பொறியியலுக்கு வர நினைத்தால், பழைய கல்லூரியில் சான்றிதழும் பணமும் கேட்டு நிற்பது அவர் பாடு.

2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப் பெண் திட்டம் வாசலைப் பார்ப்பதில்லை. ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவி கலைக் கல்லூரியில் சேர்ந்தாலும் பொறியியலில் சேர்ந்தாலும் மாதம் 1,000 ரூபாய் அவர் வங்கிக் கணக்குக்கே வருகிறது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் கோயம்புத்தூரில் தொடங்கியது.