சைட் விற்ற காலமும் வீடு கட்டாத ஊரும்

கோவையில் இருந்து திருப்பூர் போகும் பாசஞ்சர் ரயிலில் இருகூர், சூலூர் ரோடு, சோமனூர், வஞ்சிபாளையம் என்று ஸ்டேஷன்கள் வரிசையாக வரும். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து போனவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்திருக்கலாம். பல இடங்களில் காட்டுக்கு நடுவே ரோடு போட்டிருக்கும், இரண்டு பக்கமும் எல்லைக்கல் நட்டிருக்கும், முகப்பில் ஒரு வளைவுகூட இருக்கும். வீடு மட்டும் இருக்காது. சீமைக்கருவேலம் முளைத்துக் கிடக்கும்.

இதே பகுதியில்தான் பத்துக்குப் பத்து அறையில் நாலு பேர், ஆறு பேர் என்று தங்கி பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறார்கள். வீட்டுக்கு அவ்வளவு தட்டுப்பாடு உள்ள இடத்தில் இத்தனை காலி மனை எப்படி வந்தது? கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டிய கதை இது.

எல்லாம் திருப்பூரின் பணத்தில் இருந்து ஆரம்பிக்கிறது. 1990-களில் ஏற்றுமதி வேகம் பிடித்தது. 2005 ஜனவரி 1 முதல் உலக ஜவுளி வியாபாரத்தில் கோட்டா முறை ஒழிந்தது. 2006-07ல் திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி சுமார் 11,000 கோடி ரூபாய். 2001 சென்சஸில் சுற்றுப்புறங்களையும் சேர்த்து ஐந்தரை லட்சமாக இருந்த மக்கள் தொகை 2011-ல் ஒன்பதரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. 2008-ல் மாநகராட்சி, 2009-ல் தனி மாவட்டம். இதே நேரத்தில் வீட்டுக்கடன் வட்டியும் இறங்கியது. 2000 வாக்கில் 12 சதவீதத்துக்கு மேல் இருந்தது, 2003-04ல் 8 சதவீதத்துக்குப் பக்கம் வந்தது.

பாடப்புத்தகப்படி பார்த்தால் ஆட்கள் வருகிறார்கள், கடன் மலிவு, எனவே வீடுகள் பெருக வேண்டும். வீடுகளும் பெருகின, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அதைவிடப் பல மடங்கு வேகமாகப் பெருகியது சைட்.

காரணம் எளிது. பனியன் கம்பெனிக்காரருக்கும் சோமனூர் விசைத்தறிக்காரருக்கும் லாபம் சீராக வராது. ஒரு வருஷம் ஆர்டர் கொட்டும், அடுத்த வருஷம் கூலி உயர்வுக்காகத் தறிகள் மாசக்கணக்கில் நிற்கும். கையில் காசு இருக்கும்போதே அதை எதிலாவது போட்டு வைக்க வேண்டும். பேங்கில் போட்டால் வட்டி குறைவு, கணக்கும் காட்ட வேண்டும். ஷேர் மார்க்கெட் பழக்கமில்லை. பூமி வாங்கினால் பூமி எங்கேயும் ஓடிப்போகாது. இப்படித்தான் 5 செண்ட் சைட் என்பது குடியிருக்கும் இடம் என்பதைவிட ஒரு சேமிப்புப் பத்திரமாக ஆனது. மகள் கல்யாணத்துக்கு ஒன்று, பையன் இன்ஜினியரிங் படிப்புக்கு ஒன்று.

விற்கும் பக்கத்திலும் அவசரம் இருந்தது. போர் ஆயிரம் அடி போட்டாலும் புகைதான் வருகிறது. நொய்யல் பக்கத்துத் தோட்டங்களில் கிணற்றுத் தண்ணீரே சாயக் கழிவால் கெட்டுப்போனது. பாசனத்துக்கென்று கட்டி 1992-ல் முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயத் தண்ணீர் தேங்கும் இடமாக மாறி, அதைத் திறக்கக் கூடாது என்று கீழே உள்ள விவசாயிகளே கோர்ட்டுக்குப் போகும் நிலைமை வந்தது. இந்த நிலைமையில் ஏக்கருக்கு நல்ல விலை சொல்லி ஒருவர் வீட்டுப்படி ஏறினால் யார்தான் யோசிப்பார்கள்?

அந்த ஒருவர் முழுப் பணத்தோடு வருவதில்லை என்பதுதான் இதில் சுவாரஸ்யமான பகுதி. புரமோட்டர் விவசாயிக்கு ஒரு அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமெண்ட் போடுவார், அல்லது பவர் எழுதி வாங்குவார். கிரயம் செய்ய மாட்டார். கல் நட்டு, மண் ரோடு போட்டு, மனை வாங்குபவருக்கு விவசாயியின் பெயரிலேயே நேராகக் கிரயம் ஆகும். நடுவில் ஒரு முத்திரைத்தாள் செலவு மிச்சம். வாங்குகிறவர் கட்டும் தவணையில் இருந்துதான் விவசாயிக்குப் பாக்கி போகும். அக்கவுண்ட்ஸ் பாஷையில் சொன்னால் புரமோட்டரின் மூலதனம் பெரும்பாலும் மற்றவர்களுடைய பணம். விற்பனை ஓடும் வரை மூன்று பேருக்கும் சந்தோஷம். நின்றால் மூன்று பேரும் ஒன்றாக மாட்டுவார்கள்.

இன்னொரு சங்கதி, அங்கீகாரம். மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறையின் (டிடிசிபி) ஒப்புதல் வேண்டும். அதற்கு ரோடு இத்தனை அடி, பூங்காவுக்கு இவ்வளவு இடம் என்று விட வேண்டும். விட்டால் விற்கும் செண்ட் குறையும். அதனால் 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று ஒரு வார்த்தை புழக்கத்துக்கு வந்தது. சட்டப்படி பார்த்தால், மனைப்பிரிவுக்கு அப்படி ஒரு ஒப்புதல் கொடுக்க பஞ்சாயத்துத் தலைவருக்கு அதிகாரமே கிடையாது. ஆனால் சப் ரிஜிஸ்டிரார் ஆபீசில் பத்திரம் பதிவானது, பட்டாவும் மாறியது. சாதாரண ஜனங்களுக்கு இதற்கு மேல் என்ன தெரிய வேண்டும்?

முதல் அடி 2011-ல் விழுந்தது. அந்த வருஷம் ஜனவரி கடைசியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. வெளியூர் ஆட்கள் மூட்டை கட்ட, வாசலில் டு-லெட் போர்டு தொங்காத ஊரில் போர்டுகள் தொங்கின. ஆனாலும் சைட் விலை பெரிதாக இறங்கவில்லை. விற்பனை நின்றது, விலை நிற்கவில்லை. காரணம், யாரும் விற்கத் தயாராக இல்லை. சேமிப்பை நஷ்டத்துக்கு யார் உடைப்பார்கள்? 2012 ஏப்ரலில் அரசு வழிகாட்டி மதிப்பை ஒரேயடியாக ஏற்றியபோது, அதையே விலை ஏறியதற்குச் சாட்சியாகக் காட்டி விற்றவர்களும் உண்டு.

உண்மையான நிறுத்தம் 2016-ல் வந்தது. வழக்கறிஞர் யானை ராஜேந்திரன் தொடுத்த பொதுநல வழக்கில், செப்டம்பர் 9-ஆம் தேதி, அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. விளைநிலங்கள் மனையாவதைத் தடுப்பதுதான் வழக்கின் நோக்கம். சரியாக 60 நாள் கழித்து, நவம்பர் 8-ல் 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்ற அறிவிப்பு. பத்திரத்தில் ஒரு விலை, கையில் ஒரு விலை என்று ஓடிய வியாபாரத்துக்கு முதலில் பத்திரம் போனது, பிறகு கையும் போனது.

2017 மே மாதம் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன் போட்ட மனைப்பிரிவுகள் கட்டணம் கட்டி சரிசெய்து கொள்ளலாம். புரமோட்டர் கடையைக் கட்டிவிட்டுப் போன இடங்களில், விண்ணப்பத்துக்கும் கட்டணத்துக்கும் அலையும் வேலை மனை வாங்கியவர் தலையில் விழுந்தது.

அதே ஜூன் மாதம் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தார்கள். பத்திரிகைகளில் பெரிய செய்தி. காமர்ஸ் படிப்பவர்கள் கால்குலேட்டரை எடுங்கள். வழிகாட்டி மதிப்பு 10 லட்சம் உள்ள மனைக்கு முன்பு முத்திரைத்தீர்வை 7, பதிவுக்கட்டணம் 1, ஆக 8 சதவீதம், 80,000 ரூபாய். குறைப்புக்குப் பிறகு மதிப்பு 6.70 லட்சம். ஆனால் பதிவுக்கட்டணம் 4 சதவீதமாக ஏறியதால் மொத்தம் 11 சதவீதம், 73,700 ரூபாய். மூன்றில் ஒரு பங்கு குறைப்பு என்ற ஆரவாரத்தில் வாங்குபவருக்கு மிச்சமானது 6,300 ரூபாய்! 2023 ஏப்ரலில் மதிப்பைப் பழையபடி ஏற்றி பதிவுக்கட்டணத்தை 2 ஆக்கியபோது அதே மனைக்கு 90,000.

இதில் அதிகம் மாட்டியவர்கள் பெரிய முதலாளிகள் இல்லை. அவர்களிடம் காத்திருக்க வசதி உண்டு. சோமனூர் பக்கம் எட்டுத் தறி, பத்துத் தறி வைத்து கூலிக்கு நெசவு செய்பவர்கள், நல்ல வருஷத்தில் ஒரு சைட் வாங்கிப் போட்டவர்கள். ஒப்புக்கொண்ட கூலி கைக்கு வராமல், 2022-ல் மின் கட்டணமும் ஏறி, தறிகளைப் பழைய இரும்புக்கு எடைபோட்டு விற்ற குடும்பங்கள் இந்தப் பகுதியில் உண்டு. தறியை விற்பதற்கு முன்னால் சைட்டை விற்றிருக்கலாமே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். வரன்முறை செய்யாத மனையைப் பதிவதில் சிக்கல், பேங்கில் வைத்துக் கடன் வாங்குவதும் கஷ்டம். பழைய இரும்புக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. எடைபோட்ட உடனே காசு.