வாழைமரத் தாளும் வெள்ளிக் காசும்

கிள்ளானில் எங்கள் உறவினர் வீடொன்றில் அரிசித் தகரத்தின் அடியிலிருந்து ஒரு கட்டுத் தாள்கள் கிடைத்தன. பத்து வெள்ளித் தாள்; வாழை மரமும் குலையும் வரைந்தவை. விலை கேட்கப் பிரிக்பீல்ட்ஸிலுள்ள கடையொன்றுக்குச் சென்ற பேரப்பிள்ளைகள் ஏமாற்றத்துடன் திரும்பினர்.

அவ்வேமாற்றத்திற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1941 டிசம்பரில் கோத்தா பாருவில் இறங்கிய சப்பானியப் படை, 1942 சனவரி 11இல் கோலாலம்பூரைக் கைப்பற்றியது. தொடர்ந்து சப்பானிய அரசின் பெயரால் தாள்கள் அச்சாயின. தொடக்கத்தில் வரிசை எண்கள் இருந்தன. பின்னர் எண்களும் நீங்கி, மலாயாவைக் குறிக்கும் 'எம்' என்னும் எழுத்துடன் தொடங்கும் குறியீடு மட்டுமே எஞ்சியது. எண்ணின்றி அச்சடிக்கப்பட்ட பணத்திற்கு அளவேது? விலைவாசி ஏறியது. 1945இல் திரும்பி வந்த பிரித்தானிய இராணுவ நிர்வாகம் அத்தாள்கள் செல்லா என அறிவித்தது. அவை ஏராளமாக எஞ்சியமையால் இன்றும் மலிவே. வரிசை எண் உள்ளவற்றுக்கே சேகரிப்பாளர் கூடுதல் விலை தருவர். தோட்டத்தில் உழைத்துச் சேர்த்த கூலி அக்கட்டில் இருந்தது என்பது அவர்தம் விலைப்பட்டியலில் வாராது.

காசுகளின் கதை வேறு. ஆறாம் சார்ச்சு மன்னர் தலை பொறித்த போருக்கு முந்திய மலாயா நாணயங்கள் போருக்குப் பின்னும் செல்லுபடியாயின. ஆகவே சதுர வடிவச் செம்புக் காசைப் பதுக்கி வைத்த கிழவி, வாழைமரத் தாளை நம்பிய மகனைவிட அறிவாளியானாள். மாணவர் கவனிக்க வேண்டிய புதிர் ஒன்று: 1943 எனப் பொறித்த அம்மன்னர் காசுகள் உள்ளன. அவ்வாண்டில் ஆட்சி சப்பானியருடையதாயிற்றே! நாணயம் சொல்வது அச்சிட்ட ஆண்டையே, புழங்கிய ஆண்டையன்று. முன்னதைவிடச் சிறுத்த அந்த ஒரு காசு, மக்கள் கைக்கு வந்தது மீட்சிக்குப் பின்னர்தான். ஐந்து, பத்து, இருபது காசுகளில் வெள்ளியின் பங்கு 1939இல் நூற்றுக்கு 75, 1943இல் 50. 1948இலோ வெள்ளியே இல்லை, செம்பும் நிக்கலும் கலந்த உலோகம்.

மொழியாளனுக்கு இதில் ஒரு சுவை. உலோகம் போயிற்று, பெயர் போகவில்லை. ரிங்கிட்டை நாம் இன்னும் 'வெள்ளி' என்றே எண்ணுகிறோம். 'ரிங்கிட்' என்னும் மலாய்ச் சொல்லோ பழைய ஸ்பானிய வெள்ளி நாணயத்தின் பல்விளிம்பைக் குறித்தது. செல்லாத் தாளையும் அன்று நம் மக்கள் வெள்ளிக் கணக்கில்தான் எண்ணினர்.

வீட்டில் பழைய காசு கிடைத்தால் துலக்காதீர்கள். புளியிட்டுத் தேய்த்து, பளபளக்க எடுத்து வரும் காசைப் பார்த்துச் சேகரிப்பாளர் முகஞ்சுளிப்பார். துலக்கியதும் பாதி விலை போயிற்று. அந்த அரிசித் தகரத்துக் கட்டினை விற்கவில்லை. வரிசை எண் கொண்ட தாள் இரண்டு அதனுள் இருந்ததைப் பின்னரே கண்டோம்.