எலும்பு உரைத்த உண்மை

சென்ற கோடை விடுமுறையில் மாணவர் சிலருடன் கோடைக்கானல் சென்றோம். செண்பகனூரில், 1895-இல் தொடங்கப்பட்ட அருங்காட்சியகத்தில் பாடம் செய்து வைத்த விலங்குகளைக் கண்டு வெளிவந்ததும் ஒரு மாணவன் கேட்டான்: "ஐயா, இந்தப் பாறைகளைப் பிளந்தால் பழங்கால விலங்கின் எலும்பு கிடைக்குமா?"

கிடைக்காது. பழனி மலைப் பாறை, நிலத்தின் ஆழத்தே வெப்பத்தில் வெந்து, அழுத்தத்தில் இறுகியது. 50 கோடி ஆண்டுகளுக்கும் மூத்தது. எலும்பைக் காப்பது வண்டல் படிந்து இறுகிய பாறை. அத்தகைய பாறை வங்கத்துத் தாமோதர் ஆற்றுவெளியில், இராணிகஞ்சை அடுத்து உண்டு. அங்குக் கிடைத்த எலும்புகளைப் பற்றி, டார்வினின் தோழர் தாமஸ் ஹக்ஸ்லி 1865-இல் எழுதினார். அவற்றுள் ஒரு விலங்கே இன்று லிஸ்ட்ரோசாரஸ் எனப்படுவது.

பன்றியொத்த உடல், ஆமையொத்த அலகு, மேல்வாயில் இரு தந்தம், தழையே உணவு. பெயரில் பல்லி உண்டு, விலங்கோ பல்லியன்று. பாலூட்டிகளின் பங்காளி, நம் நேர் மூதாதையன்று. 25 கோடி ஆண்டுகளுக்கு முன், உயிரினங்களுள் பெரும்பாலானவை மாண்ட பேரழிவையும் கடந்து வாழ்ந்தது.

அதே விலங்கின் எலும்பு தென்னாப்பிரிக்காவிலும் கிடைத்தது. 1969-இல் பனி மூடிய அண்டார்க்டிகாவிலும் கிடைத்தது! கடலை நீந்திக் கடந்ததா? கட்டுமரம் ஏறிச் சென்றதா? இல்லை. நிலங்கள் அன்று ஒட்டியிருந்தன. பின்னரே பிரிந்து நகர்ந்தன. 1912-இல் வெகனர் இதைச் சொன்னபோது எள்ளினர். எலும்பும் கடலடி ஆய்வும் பிற்பாடு மெய்ப்பித்தன.

இங்கேதான் நமக்கும் ஒரு சோதனை! மடகாஸ்கரையும் இந்தியாவையும் இணைத்த நிலமொன்று இருந்து மறைந்ததெனக் கருதி, 1864-இல் ஸ்கிளேட்டர் அதற்கு லெமூரியா எனப் பெயரிட்டார். அதனையே குமரிக் கண்டமென்று கொண்டாடினோம், மேடைதோறும் முழங்கினோம். நிலமே நகர்ந்ததென்று தெளிந்தபின், மூழ்கிய கண்டத்துக்குத் தேவை ஏது? கடல் கரையூர்களை விழுங்கியது வேறு; கண்டத்தையே விழுங்கியது என்பது வேறு. இடும்பன் மலை சுமந்த கதையை மறுக்கும் நாம், நமக்கு இனிக்கும் கதையை மட்டும் வரலாறென்று பிள்ளைகளுக்குப் புகட்டலாமா? பிறர் நம்பிக்கையை மட்டும் உரைத்துப் பார்க்கும் கல், உரைகல்லாகுமா?

இதனால் தமிழுக்கு இழப்பில்லை. அதன் தொன்மைக்குச் சான்று கீழடி மண்ணில் இருக்கிறது. கடலடியில் தேட வேண்டுவதில்லை. ஒட்டியிருந்த அத்தென்னிலத்துக்கு அறிஞர் இட்ட பெயரும் கோண்டுவானா. அது கோண்டு மக்கள் வாழும் நாட்டின் பெயர். அவர்தம் கோண்டி மொழி, திராவிட மொழி!

கரும்பலகையில் குமரிக் கண்டத்தின் படம் வரைந்து காட்டியவர்களுள் நாமும் ஒருவரே. இனி வரையோம். ஏன் வரையவில்லை என்று மாணவர் கேட்டால், அந்த எலும்பின் கதையைச் சொல்வோம்.