காணாத மாணவருக்கு எழுதப்பட்ட பாடம்: பியானோக் கல்வி வரலாற்றில் ஒரு பிளவு

கருநாடக இசை பயில்வோர் நன்கறிந்த பாகுபாடு ஒன்று உண்டு. சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம் ஆகியன அப்பியாச கானம். கீர்த்தனை முதலியன சபா கானம். வர்ணம் மட்டும் இரு வீட்டிலும் உரிமை பெற்றது. காலையில் சாதகத்துக்கு எடுத்த அதே வர்ணம் மாலையில் கச்சேரியைத் தொடங்கி வைக்கிறது. ஐரோப்பிய விசைக்கருவிக் கல்வியின் வரலாற்றைப் பயிலுந்தோறும் இந்த வர்ணம் எனக்கு நினைவுக்கு வரும். பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பாதியில் அங்கே நல்லாசிரியர் கற்பித்தவற்றுள் பெரும்பகுதி வர்ணத்தின் இயல்புடையதாகவே இருந்தது. விரலுக்குப் பயிற்சி வேறு, செவிக்கு இசை வேறு என்னும் பிளவு பின்னர் நேர்ந்தது. அது எவ்வாறு நேர்ந்தது என்பதைத் தனிப்பட்ட முறையில் பாடம் சொன்ன ஆசிரியர்களின் வழியாகப் பார்ப்பதே இப்பதிவின் நோக்கம்.

யோகான் செபாஸ்டியன் பாக் 1720 ஜனவரி 22 அன்று, கோத்தன் நகரில், தம் மூத்த மகன் வில்ஹெல்ம் ஃப்ரீடெமானுக்காக ஒரு கையேட்டைத் தொடங்கினார். சிறுவனுக்கு அப்போது ஒன்பது வயது. ஏட்டின் தொடக்கத்தில் ஸ்வரக் குறியீடுகளின் விளக்கமும், கமகக் குறிகளின் அட்டவணையும், அடுத்து விரல் எண்கள் இட்ட ஒரு சிறு உருப்படியும் உள்ளன. பக்கங்கள் செல்லச் செல்ல, பிற்காலத்தில் இன்வென்ஷன் எனப் பெயர் பெற்றவற்றின் முதல் வடிவங்களும், 1722இல் தொகுக்கப்பட்ட 'நன்கு சுருதி சேர்த்த விசைக்கருவி' நூலின் முதற்பகுதியில் இடம்பெற்ற பிரிலூடுகளுள் பதினொன்றின் முந்தைய வடிவங்களும் வருகின்றன. 1723இல் பாக் எழுதிய செம்மைப்படியின் தலைப்புப் பக்கமே ஒரு பாடத்திட்டம் எனலாம். இரு குரல்களைத் தெளிவாக வாசிக்கவும், பின்னர் மூன்று குரல்களைக் கையாளவும், பாடுவது போன்ற வாசிப்பைப் பெறவும், இசையமைப்பில் ஒரு முன்சுவை காணவும் இவை உதவும் என்கிறது அது. விரல் வேகம் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

பாக்கின் முதல் பெரிய வாழ்க்கை வரலாற்றை 1802இல் வெளியிட்ட ஃபோர்கெல், பாக்கின் மகன்களிடம் கேட்டறிந்தவற்றைப் பதிவு செய்திருக்கிறார். புதிய மாணவருக்குப் பல மாதங்கள் விரல் தொடுகைக்கான பயிற்சிகளையே பாக் கொடுத்தாராம். ஆனால் மாணவர் பொறுமையிழப்பதைக் கண்டால், அப்பயிற்சிகளையே உள்ளடக்கிய சிறு உருப்படிகளைப் பாட நேரத்திலேயே அமர்ந்து எழுதிக் கொடுத்துவிடுவாராம். பாக் இறந்து 52 ஆண்டுகள் கழித்து எழுதப்பட்ட சான்று இது. ஃபோர்கெல் தம் நாயகனை வழிபட்டவர் என்பதும் உண்மையே. எனினும் மேற்சொன்ன கையேடு இச்சான்றோடு முரண்படவில்லை. அக்கையேட்டை எழுதியவருக்கு அதை வாசிக்கப்போகும் கை எது என்பது தெரிந்திருந்தது. அந்தக் கையின் நீளமும் அதன் சோம்பலும்கூடத் தெரிந்திருக்கும். லைப்சிக்கில் பாக்கிடம் பயின்ற கெர்பர் தம் மகனிடம் சொல்லிவைத்த செய்தி ஒன்றும் இங்கே பொருந்தும். தமக்குக் கற்பிக்கும் மனநிலை இல்லை என்று சாக்குச் சொல்லிக்கொண்டு, 'நன்கு சுருதி சேர்த்த விசைக்கருவி'யைப் பாக் மூன்று முறை தாமே மாணவருக்கு வாசித்துக் காட்டினார் என்பது அது.

அடுத்த நூற்றாண்டில் நிலைமை மாறியது. பியானோ நடுத்தரக் குடும்பங்களின் வரவேற்பறைக்குள் புகுந்தது. அச்சிட்ட இசைத்தாள் வணிகப் பொருளாயிற்று. கற்க விரும்புவோர் தொகை ஆசிரியர் தொகையை விஞ்சியது. ஆசிரியர் இல்லாத இடத்தில் ஆசிரியராக நிற்கும் புத்தகம் தேவைப்பட்டது. 1814இல் லோகியர் என்பவர் மாணவரின் மணிக்கட்டையும் விரல்களையும் சட்டத்துள் நிறுத்தி வைக்கும் கைரோபிளாஸ்ட் என்னும் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். ஒரே நேரத்தில் பல மாணவரைப் பல கருவிகளில் அமர்த்திக் கற்பிப்பதும் அவரது முறை. ஒவ்வொரு கையையும் பார்க்க ஆசிரியருக்கு நேரமில்லாதபோது கையைத் திருத்தும் வேலையைப் பொறி ஏற்கிறது.

கிளெமென்டியின் 'கிராடுஸ் அட் பர்னாசும்' இந்த மாற்றத்தின் நடுவில் நிற்கும் நூல். இசைப்படைப்பாளர், ஆசிரியர், பதிப்பாளர், பியானோ உற்பத்தியாளர் என நான்கு தொழிலும் பார்த்த மனிதர் 1817 முதல் 1826 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட நூறு உருப்படிகள் அதில் உள்ளன. விரல் பயிற்சிகளோடு ஃபியூக், கேனன் போன்ற பின்னல் வடிவங்களும் அதில் கலந்தே இருந்தன. பின்னாளில் லிஸ்ட்டின் மாணவரான டவுசிக் அதிலிருந்து 29ஐ மட்டும் தேர்ந்து ஒரு பதிப்பு செய்தார். தேர்ந்தவை பெரும்பாலும் விரல் நுட்பப் பயிற்சிகள். பல தலைமுறை மாணவர் கிளெமென்டியின் நூலென்று அறிந்தது இந்தச் சுருக்கத்தையே. முழு நூலையும் சுருக்கத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கும் மாணவருக்கு நான் சொல்லும் பிளவு கண்ணுக்கே தெரியும்.

இப்பிளவுக்குரிய பழியைப் பொதுவாகக் கார்ல் செர்னியின் மீது சுமத்துவது வழக்கம். 861 வரை செல்லும் ஓபஸ் எண்கள், வேகப் பயிற்சிகள், அதனால் தூக்கமிழந்த குழந்தைகள்! இது நியாயமான தீர்ப்பு அன்று என்பதே என் கருத்து. செர்னி வியன்னாவில் நாளொன்றுக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் தனிப்பாடம் சொல்லி வாழ்ந்தவர். சிறுவனாகப் பீத்தோவனிடம் பயின்றவர். பீத்தோவன் தம் அண்ணன்-தம்பி மகனான கார்லை இவரிடம் மாணவனாக ஒப்படைத்தபோது எழுதிய கடிதம் 1817ஐச் சேர்ந்ததாகக் கருதப்படுகிறது. விரல்முறையும் காலப்பிரமாணமும் ஸ்வரங்களும் ஓரளவு சரியாக அமைந்த பின், சிறு தவறுகளுக்காகச் சிறுவனை இடையில் நிறுத்த வேண்டாம், உருப்படி முடிந்த பிறகு சுட்டிக்காட்டினால் போதும் என்பது அதன் சாரம். விரைவில் இசைக்கலைஞரை உருவாக்கும் வழி இதுவே என்கிறார் பீத்தோவன். இப்படியொரு அறிவுரையைப் பெற்றவரே உலர்ந்த பயிற்சிகளின் அடையாளமாக நிலைத்துவிட்டார் என்பது வரலாற்றின் விளையாட்டு.

செர்னி தம் முன்னே அமர்ந்த மாணவருக்கு என்ன கொடுத்தார்? 1842இல் எழுதிய நினைவுக் குறிப்பில் சிறுவன் லிஸ்ட்டுக்குக் கற்பித்ததை அவரே விவரிக்கிறார். கட்டணம் வாங்கவில்லை, எல்லா ஸ்கேல்களிலும் தேர்ச்சி, கண்டிப்பான காலப்பிரமாணம், அதன்பின் சில மாதங்கள் கிளெமென்டியின் சொனாட்டாக்கள், பின்னர் ஹும்மெல், மொஷெலெஸ், பீத்தோவன், பாக். எதிரே இருந்த மாணவர் பெற்றவை ஸ்கேலும் சொனாட்டாவும். நூற்றுக்கணக்கான பயிற்சிகள் அச்சேறியது கண்ணில் படாத மாணவருக்காக. இதைச் செர்னி உணர்ந்தே இருந்தார் என்பதற்கும் சான்றுண்டு. பியானோ வாசிப்பு குறித்து அவர் எழுதிய கடித வடிவ நூல், தொலைவில் நாட்டுப்புறத்தில் வாழும் சிசிலியா என்னும் கற்பனைச் சிறுமிக்கு எழுதப்பட்டது. காணாத மாணவரின் குறை எதுவென்று அறிய வழியில்லை. ஆகவே எல்லாக் குறைகளுக்கும் மருந்து எழுத வேண்டியிருக்கிறது, மருந்துச்சீட்டு நீண்டுவிடுகிறது. 1873இல் ஹானனின் அறுபது பயிற்சிகள் வெளிவந்தபோது சீட்டிலிருந்து இசையே விடைபெற்றுவிட்டது.

எதிர்ப்புறத்தில் ஷோப்பானை நிறுத்தலாம். கச்சேரிகளைக் காட்டிலும் பாரிஸில் சொல்லிக்கொடுத்த தனிப்பாடமே அவருக்கு நிலையான வருவாய். ஸ்கேல் கற்பிக்கையில் வெள்ளை விசைகளால் மட்டுமே ஆன 'சி'யில் தொடங்காமல் 'பி' மேஜரில் தொடங்கினார். நீண்ட விரல்கள் கருவிசைகளில் தாமாகவே சென்றமர்வதால் கைக்கு அதுவே எளிது என்பது காரணம். மாணவியரான ஜேன் ஸ்டெர்லிங், கமில் துபுவா ஆகியோரின் இசைத்தாள்களில் அவர் பென்சிலால் இட்ட விரல் எண்களும் திருத்தங்களும் இன்றும் உள்ளன. பதிப்பாசிரியர்கள் அவற்றை மூலச்சான்றாகவே கொள்கின்றனர். ஒரே உருப்படிக்கு வெவ்வேறு மாணவியரின் தாள்களில் வெவ்வேறு குறிப்புகள் காணப்படுவதை முரண்பாடு என்று கருதத் தேவையில்லை, கைகள் வேறு.

ஷூமானின் இளையோர் தொகுப்பு மூத்த மகளின் ஏழாவது பிறந்தநாளுக்கு எழுதிய சில உருப்படிகளிலிருந்து 1848இல் வளர்ந்தது. பார்டோக்கின் 'மிக்ரோகோஸ்மோஸ்' 153 உருப்படிகளில் முதலிரு தொகுதிகள் மகன் பீட்டருக்கு உரிமையாக்கப்பட்டவை. பிளவுக்குப் பின்னும் வர்ணத்தின் இயல்புடைய நூல்கள் பிறந்தன என்பதற்கு இவை போதும். இரண்டும் வீட்டில் பிறந்தவை என்பதை மட்டும் குறித்துவைப்போம்.

இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது பெரிதும் தேர்வு முறையே. லண்டன் டிரினிட்டி கல்லூரி 1877இல் இசைத்தேர்வுகளைத் தொடங்கியது; ராயல் பள்ளிகளின் கூட்டு வாரியம் 1889இல் அமைந்தது. கொல்கத்தா இசைப்பள்ளி 1915இலேயே தோன்றியது என்றாலும், மேற்கத்திய இசையை முறையாகப் பயிற்றும் கல்லூரிகள் அரிதான நாட்டில், வீட்டில் பாடம் சொல்லும் ஆசிரியரின் உழைப்புக்கு வெளிச்சான்று தந்தவை இத்தேர்வுகளே. அந்த நன்மையை மறுப்பதற்கில்லை. ஆயினும் கூட்டு வாரியத்தின் நடைமுறைத் தேர்வில் 150 மதிப்பெண்களில் 90 மூன்று உருப்படிகளுக்கு. ஸ்கேல் முதலியவற்றுக்கு 21, பார்த்தவுடன் வாசித்தலுக்கு 21, செவிப்பயிற்சிக்கு 18. அப்பியாச கானமும் சபா கானமும் இங்கே தனித்தனி மதிப்பெண்களாகவே பிரிந்துவிட்டன. ஆண்டுக்கொரு கிரேடு என எட்டாண்டுகள் பயிலும் குழந்தை தேர்வுக்குரியதை மட்டும் வாசித்தால் வாழ்நாள் கைமுதல் 24 உருப்படிகள். பாடத்திட்டமும் காணாத மாணவருக்கே எழுதப்படுகிறது. கண்ட மாணவருக்கு அதை மாற்றி எழுதும் பொறுப்பு ஆசிரியருடையது. அதைச் செய்யும் ஆசிரியர்கள் இங்கே பலர் இருந்திருக்கின்றனர்.

ஆனால் அவர்களுக்கு ஆவணக்காப்பகம் இல்லை. சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் இளையராஜா மேற்கத்திய இசை பயின்றார் என்பதை அறிவோம். அது மாணவரின் புகழால் எஞ்சிய செய்தி. மற்ற ஆசிரியர்கள் எந்த உருப்படியை எதற்குப் பின் கொடுத்தனர், எந்த விரல் எண்ணை அடித்துத் திருத்தினர் என்பதெல்லாம் மாணவரின் பழைய இசைத்தாள்களில் மட்டுமே உள்ளன. கொல்கத்தா, மும்பை, கோவா, பெங்களூரு, சென்னை என எங்கேனும் வீட்டு அலமாரியில் அத்தகைய பென்சில் குறிப்புள்ள தாள் இருப்பின், பழைய பேப்பர் கடைக்குப் போடுமுன் பக்கங்களைப் படமெடுத்து, ஊரையும் ஏறத்தாழ ஆண்டையும் குறித்து வையுங்கள். மாணவரின் பெயர் தேவையில்லை. விரல் எண்கள் போதும்.