சல்லிசா ஒரு கியூப்

மக்களே, இது ரம்மி மேட்டர் இல்லை. ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கி 1993ல வந்த 'மேஜிக்: தி கேதரிங்' பத்தின பழங்கதை.

1995ல கம்பெனி 'கிரானிக்கிள்ஸ்'னு பழைய கார்டுகளை மறுபடி அச்சடிச்சது. சேர்த்து வெச்சிருந்தவங்களுக்கு விலை விழுந்துடுச்சுன்னு செம கடுப்பு. 1996லயே 'இதையெல்லாம் இனி அச்சடிக்க மாட்டோம்'னு ஒரு பட்டியல் போட்டு வாக்குக் கொடுத்துட்டாங்க. பிளாக் லோட்டஸும் அதுல உண்டு. விளையாட வந்தவனைவிடப் பூட்டி வெச்சவன் பேச்சுதான் எடுபட்டுதுன்னு எனக்கு இன்னமும் ஆத்தாமைதான்.

மாணவப் பரதேசிகளுக்கு அதனால கியூப். 360 கார்டைப் பொறுக்கி ஒரே பெட்டியில வெச்சுட்டா எட்டுப் பேர், ஆளுக்கு 45. ஒண்ணை எடுத்துட்டு மிச்சத்தைப் பக்கத்து ஆளுக்குத் தள்ளணும். முடிஞ்சதும் எல்லாம் திரும்பப் பெட்டிக்குள்ள. எங்களோடதுல 'காமன்' கார்டு மட்டும்தான்.

காமன்னா மலிவுன்னு நினைச்சுடாதீங்க! 1993 டிசம்பர்ல 'அரேபியன் நைட்ஸ்'ல வந்த 'ஊப்லியட்' காமன்தான். ஆனா அச்சடிச்சதே கம்மி, அதனால யானை விலை. 2020ல 'டபுள் மாஸ்டர்ஸ்'ல மறுபடி வந்தப்புறம்தான் இறங்குச்சு. 2000ல 'ப்ராஃபசி'ல காமனா வந்த 'ரிஸ்டிக் ஸ்டடி' பக்கம் நாங்க போறதே இல்லை (கமாண்டர் ஆடுறவங்க புண்ணியம்). அதே 1993ல பிறந்த 'லைட்னிங் போல்ட்' திரும்பத் திரும்ப அச்சானதால ஏழைக்கும் எட்டுது.

அதனால கியூபைப் புதுப்பிக்கும்போது நான் முதல்ல பார்க்கிறது எத்தனை தடவை அச்சாச்சுங்கறதைத்தான். இந்தத் தடவை கறுப்புல ஒரு இடம் காலி. ஊப்லியட் உள்ள வருது, 2020 பதிப்பு.