ஜன்னல் வழியே போன சுத்தம்

காருக்குள் குப்பை சேராமல் பார்த்துக்கொள்வதைத் தனிமனித ஒழுக்கமாகவே பேசிப் பழகிவிட்டோம். கால்மிதியை உதறிப் போடுகிறவர் ஒழுங்கானவர்; பின்சீட்டில் காலி பாட்டிலை உருளவிடுகிறவர் சோம்பேறி. காரை அன்றாடப் பொருளாக்கிய அமெரிக்காவின் கதையைப் பார்த்தால் இந்தக் கணக்கு இடிக்கிறது. சென்ற நூற்றாண்டில் அங்கே பல கார்கள் உள்ளே சுத்தமாக இருந்ததற்கு, சாலையோரம் இலவசக் குப்பைத்தொட்டியாகக் கிடந்தது பெரிய காரணம் என்பேன். காரைவிட்டுக் குப்பை போனது உண்மை. போன இடம் வயல், வாய்க்கால், புல்வெளி.

ஆரம்பகாலக் கார்களில் அழுக்கு வெளியிலிருந்துதான் வந்தது. கூரையும் கண்ணாடியும் இல்லாத வண்டி, மண் சாலை. ஏறுகிறவர்கள் உடுப்பின்மேல் நீளமான தூசி அங்கி மாட்டிக்கொண்டார்கள். செல்வந்தர்களின் வண்டியில் மழையும் சேறும் படும் ஓட்டுநர் இருக்கைக்குத் தோல், மூடிய பின்பகுதியில் முதலாளிக்குக் கம்பளித் துணி. (தோல் இருக்கையைக் கௌரவமாக நினைக்கும் இன்றைய ரசனைக்கு இது வேடிக்கையாகத் தோன்றும்.) 1922இல் ஹட்சன் நிறுவனம் எஸ்ஸெக்ஸ் என்ற மூடிய காரை மலிவாக இறக்கியது, 1925இல் அதன் விலை திறந்த காரின் விலைக்கும் கீழே போனது. கார் ஓர் அறையாகிவிட்டது. அறை என்றால் அதில் சாப்பிடுவார்கள். காரைவிட்டு இறங்காமல் உண்ணும் பிக் ஸ்டாண்ட் கடை 1921இலேயே டல்லாஸில் வந்துவிட்டது. 1935இல் தகர டப்பாவில் பீர் விற்பனைக்கு வந்தது. கடைக்குத் திருப்பித் தர வேண்டாத டப்பா. 1975இல் மெக்டொனால்ட்ஸ் ஜன்னல் வழியே பொட்டலம் நீட்டத் தொடங்கியது. 1980களில் கிரைஸ்லரின் குடும்ப வேன்கள் கோப்பை வைக்கக் குழி அமைத்துத் தந்தன. இத்தனைக்கும் காருக்குள் கழிவுக்கென்று இருந்த ஒரே இடம் ஆஷ்ட்ரே. டேஷ்போர்டிலிருந்து இழுத்தால் வரும் உள்ளங்கையளவுத் தகரத் தட்டு, சிகரெட்டை நசுக்க ஒரு மடிப்பு. அதில் சாம்பல் அடங்கும், பர்கர் சுற்றிய காகிதம் அடங்குமா? நிறைந்த கோப்பைக்கு இடம் ஒதுக்கிய தொழிற்சாலை, காலியான கோப்பை எங்கே போகும் என்று யோசிக்கவில்லை. கண்ணாடியை இறக்கும் கைப்பிடியோ எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

முதலில் கொதித்தவர்கள் விவசாயிகள். காரிலிருந்து வீசிய பாட்டில் வயலில் உடைந்து, சில்லு தீவனப் புல்லோடு கலந்து மாட்டின் வயிற்றுக்குப் போகிறது என்ற புகார் வெர்மான்ட் மாநிலத்தில் வலுத்தது. 1953இல் அம்மாநிலம், திருப்பித் தர முடியாத பாட்டிலில் பீர் விற்கத் தடை போட்டது. அதே ஆண்டில் டப்பா, பாட்டில் தயாரிக்கும் நிறுவனங்களின் ஆதரவோடு ‘கீப் அமெரிக்கா பியூட்டிஃபுல்’ அமைப்பு பிறந்தது. டேஷ்போர்டு குமிழில் தொங்கவிடக் குப்பைப் பை, வீசாதீர்கள் என்ற உபதேசம்: இவைதான் அதன் வழி. 1971இல் அது வெளியிட்ட புகழ்பெற்ற விளம்பரத்தில், ஓடும் காரிலிருந்து வீசிய உணவுப் பொட்டலம் ஒரு செவ்விந்தியரின் காலடியில் சிதறும். அவர் கண்ணில் நீர் வழியும். மாசுக்குக் காரணம் மக்கள், நிறுத்த வேண்டியவர்களும் மக்கள் என்பது செய்தி. பொட்டலத்தைத் தயாரித்தவர் யார் என்ற கேள்வி அந்தப் படச்சட்டத்துக்குள் வரவே இல்லை. வெர்மான்ட் தடையோ நான்கே ஆண்டுகளில் காலாவதியானது.

வீசியது மனிதக் கைதானே, நிறுவனத்தைக் குறை சொல்வானேன் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு வலுவான ஆதாரமும் உண்டு: 1985இன் இறுதியில் டெக்சாஸ் நெடுஞ்சாலைத் துறை தொடங்கிய ‘டோன்ட் மெஸ் வித் டெக்சாஸ்’ பிரசாரம். பிக்கப் வண்டி ஓட்டும் இளைஞர்களே அதிகம் வீசுகிறார்கள் என்று கண்டறிந்து, அவர்களுடைய ஊர்ப் பெருமையைச் சீண்டும் விதமாக அதை அமைத்தார்கள். 1990க்குள் நெடுஞ்சாலைக் குப்பை 72 சதவீதம் குறைந்ததாகத் துறையின் கணக்கு. ஆக, பேச்சால் பயனே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பிரசாரத்தை இன்றுவரை நிறுத்த முடியவில்லை. புதிதாக உரிமம் வாங்கும் ஒவ்வொரு தலைமுறைக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரேகான் மாநிலம் உபதேசத்தோடு நிற்கவில்லை. 1971இல் சட்டமியற்றி, பாட்டில், டப்பாவுக்கு 5 சென்ட் முன்பணம் வைத்தது. காலியானதைத் திருப்பித் தந்தால் காசு கைக்கு வரும். சாலையோரக் குப்பையில் 40 சதவீதமாக இருந்த பானக் கலன்களின் பங்கு 1979இல் 6 சதவீதமானது என்கிறது அம்மாநில அரசு. அங்கே ஓட்டுநர்கள் திடீரென்று ஒழுக்கசீலர்களாகிவிடவில்லை. காலி பாட்டிலுக்கு விலை வந்ததும், காருக்குள் அதை வைத்துக்கொள்ளக் காரணம் கிடைத்தது, அவ்வளவுதான். நம்மூரிலும் இதற்கு நேரான சான்று இருக்கிறது: சுற்றுலா வண்டிகள் மொய்க்கும் நீலகிரியில், வீசப்பட்ட மதுபாட்டில் சில்லு காட்டு விலங்குகளைக் காயப்படுத்துவதைக் கண்டு சென்னை உயர் நீதிமன்றம் தலையிட, 2022 மே மாதம் முதல் டாஸ்மாக் அங்கே பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருகிறது.