வேலைத்தளத்தின் வாசலில்: மலையகத் தோட்டங்களில் நடையும் வசதியும் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஒரு சமுதாயம் தன் உழைப்பாளரை எவ்வாறு மதிக்கின்றது என்பதை அறிவதற்கு அவர்கள் பெறும் கூலியை மாத்திரம் நோக்குதல் போதாது. வேலைக்கு வந்து சேரும் இடத்தில் அவர்களுக்கு என்ன காத்திருக்கின்றது என்பதையும் நோக்குதல் வேண்டும். மேனாட்டு நகரங்களில் துவிச்சக்கர வண்டியில் வேலைக்குச் செல்வோர், வண்டியைப் பூட்டி வைப்பதற்கு ஓரிடம், நீராடும் அறை, உடைமாற்றும் அறை, பொருள்களை வைக்கும் பெட்டகம், நனைந்த உடையை உலர்த்தும் வசதி ஆகியவற்றைத் தொழில் வழங்குநரிடம் கோருகின்றனர். இவற்றைக் கொண்ட கட்டடங்களுக்குப் பசுமைக் கட்டட மதிப்பீட்டு முறைகள் புள்ளிகளும் வழங்குகின்றன. இக்கோரிக்கைக்கு அடிப்படையாக ஒரு கொள்கை உண்டு. வேலைக்கு வரும் வழியும் வேலையோடு சேர்ந்ததே. வியர்த்தும் நனைந்தும் வந்து சேரும் உடலைக் கவனிக்கும் பொறுப்பு வேலை கொடுப்போரையும் சாரும் என்பதே அது.

இக்கொள்கையை நாம் ராகலைக்குக் கொண்டுவந்து பார்ப்போம். ஏறக்குறைய ஆறாயிரம் அடி உயரத்தில் அமைந்த இத்தோட்டப் பகுதியின் சரிவுகளில் துவிச்சக்கர வண்டியால் ஆகக்கூடியது அதிகமில்லை. இங்கு வேலைக்குச் செல்லும் வழி கால்நடையே. லயத்திலிருந்து பிரட்டுக்களத்துக்கும், அங்கிருந்து மலைக்கும், மலையிலிருந்து கொழுந்து மடுவத்துக்கும் நடந்தவர்களுள் பெரும்பான்மையோர் பெண்கள். நூறாண்டுகளுக்கு மேலாக நாள்தோறும் நிகழ்ந்த இந்த நடையின் முடிவில் அவர்களுக்கென ஓர் ஒதுங்கிடமும் கழிப்பிடமும் கைகழுவ நீரும் ஏன் அமையவில்லை என்பதே இக்கட்டுரையில் நாம் எழுப்பும் வினா. தோட்ட முதலாளிகளின் கல்நெஞ்சம் என்று கூறி இதற்கு விடை பகர்தல் எளிது. ஆயின் அது வரலாற்று விளக்கமாகாது.

1. இருவகைப் பயணங்கள்

மலையக மக்களின் வரலாற்றில் இருவகைப் பயணங்கள் உள்ளன. ஒன்று, தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து இலங்கை மலைகளுக்கு வந்த நெடும்பயணம். மற்றொன்று, லயத்திலிருந்து மலைக்குச் செல்லும் அன்றாடப் பயணம். முதலாவது ஆவணங்களில் ஓரளவு இடம்பெற்றது. கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை, மாத்தளை என நடந்து வந்தோர் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் இரையாயினர். அந்நோய்கள் வழியிலுள்ள ஊர்களுக்கும் பரவும் என்ற அச்சமும், உழைப்பாளர் வரத்துக் குன்றும் என்ற கவலையும் அரசாங்கத்தை அசைத்தன. 1872இல் தோட்ட மருத்துவத் தேவைகளுக்கான சட்டம் தோன்றியது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே புகைவண்டியோடு இணைந்த கப்பற் சேவை தொடங்கியது. பின்னர் மண்டபத்தில் நோய்த்தடுப்பு முகாம் அமைந்தது. இவை யாவும் பயண வசதிகளே எனினும், உழைப்புச் சக்தியைச் சேதமின்றித் தோட்டத்திற் கொண்டுவந்து சேர்ப்பதே அவற்றின் நோக்கம் என்பது மனங்கொள்ளத்தக்கது.

இரண்டாவது பயணமோ சட்டத்தின் கண்ணிற் படவேயில்லை. தொழிலாளர் தோட்டத்துக்குள்ளேயே குடியிருத்தப்பட்டமையே இதற்குக் காரணமாகும். வீடும் வேலைத்தளமும் ஒரே உடைமையாளரின் எல்லைக்குள் அடங்கின. எனவே வீட்டிலிருந்து வேலைக்குச் செல்லும் 'பயணம்' என ஒன்று இருப்பதாகவே கருதப்படவில்லை. மலைச்சரிவில் ஏறி இறங்கும் நெடுந்தூரம், ஒரே வளவுக்குள் இங்குமங்கும் போய்வருவதாகக் கொள்ளப்பட்டது. லயம் வழங்கியதோடு தோட்டத்தின் கடமை தீர்ந்தது என்ற எண்ணம் இதிலிருந்து பிறந்தது. லயத்து வாழ்க்கையின் நெருக்கடி பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். அதே லயம், வேலைத்தளத்தில் வேறெதுவும் தேவையில்லை என்னும் வாதத்துக்கும் ஆதாரமாயிற்று என்பது போதிய கவனம் பெறவில்லை.

1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தை இவ்வகையில் நோக்கலாம். அதன்கீழ் 1929இல் உயர்நிலத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் நாட்கூலியாக வரையறுக்கப்பட்டன. கூலி பேசப்பட்டது, வேலைநாளும் பேசப்பட்டது. ஆயின் அவ்வேலைநாள் பிரட்டிலிருந்து தொடங்குவது. அதற்கு முந்திய நடை எவருடைய கணக்கிலும் ஏறவில்லை. பிரட்டுக்குப் பிந்தி வந்தவர் திருப்பியனுப்பப்படலாம்; அல்லது அரைப்பேரோடு அமைய நேரலாம். நடையின் நேரம் தொழிலாளருக்குரியது. அதில் நேரும் தாமதமோ தோட்டத்தால் தண்டிக்கப்படுவது என்பதே இங்குள்ள நியாயம்.

2. கொழுந்துக்குக் கிடைத்தவை

பயணத்தின் முடிவில் வசதி செய்வதற்குத் தோட்ட முதலாளித்துவம் அறிந்திருக்கவில்லை என்று கூறுதல் பொருந்தாது. கொழுந்தின் பயணத்தை நோக்குமிடத்து இது தெளிவாகும்.

பறித்த கொழுந்து நசுங்குதல் ஆகாது. கூடையிலும் சாக்கிலும் அமுங்கிச் சூடேறுதலும் ஆகாது. ஏறினால் தேயிலையின் தரம் கெடும். ஆதலால் நாளொன்றில் இருமுறையோ மும்முறையோ கொழுந்து நிறுக்கப்பட்டுத் தாமதமின்றி ஸ்டோருக்கு அனுப்பப்படும். ஸ்டோரின் மேல்மாடிகள் நனைந்து வந்த இலை வாடுவதற்கென்றே கட்டப்பட்டவை. அங்கு அது மெல்லெனப் பரப்பப்பட்டது. மழைக்காலத்தில் வெப்பக் காற்றும் செலுத்தப்பட்டது. மலையகத்துத் தேயிலை ஸ்டோர்களின் நீண்ட சாளர வரிசைகளுக்கு இந்த வாட்டலே காரணம். ஈரமாக வந்த பொருளை உலர்த்தி ஆறவைக்கும் ஏற்பாடு இதனினும் செம்மையாக அமைதல் அரிது.

தேயிலையின் அடுத்த பயணத்துக்கும் வழி சமைக்கப்பட்டது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை, புரூக்சைட் வழியாக இரண்டரை அடி அகலமுள்ள புகையிரதப் பாதையொன்று அமைக்கப்பெற்று 1904இல் ராகலையை எட்டியது. ராகலையே அதன் இறுதி நிலையம். உடப்புசல்லாவைப் பகுதித் தோட்டங்களின் தேயிலைப் பெட்டிகளைக் கொழும்புத் துறைமுகத்தோடு இணைத்தல் அதன் தலையாய பணியாக இருந்தது. வீதிப் போக்குவரத்துப் பெருகியபின் 1940களில் அது மூடப்பட்டது. தேயிலைக்காக மலையைக் குடைந்து பாதையமைக்க முடிந்த காலத்தில், அத்தேயிலையைப் பறித்தவர் மழைக்கு ஒதுங்க ஒரு கூரை அமைக்க முடியாதிருந்தது என்பதற்குப் பணமின்மையோ தொழில்நுட்பக் குறையோ காரணமாகாது.

கொழுந்தைச் சுமந்துவந்தவருக்குக் கிடைத்தவை யாவை? இடுப்பிற் சுற்றிய படங்கு. தலையிற் போர்த்த கம்பளி. கம்பளியின் விலையும் அவர் பற்றிலேயே எழுதப்பட்டது. கொழுந்தில் ஒட்டிய மழைநீருக்கென நிறுவையிற் கழிவு செய்யும் வழக்கம் ஒரு நெடுங்கால முறைப்பாடு. இலையின்மீதிருந்த ஈரம் கணக்கிடப்பட்டது. அவர் உடையிலிருந்த ஈரம் கணக்கிடப்படவில்லை. உடை உலர்வதும் உடல் சூடேறுவதும் லயத்து அடுப்படிக்கு, அதாவது வீட்டுப் பெண்ணின் கூலியற்ற உழைப்புக்கு விடப்பட்டன. பெரும்பாலும் அப்பெண்ணும் நனைந்து திரும்பிய அதே கொழுந்துக்காரியே.

கார்ல் மார்க்ஸ் மூலதனத்தின் மூன்றாம் தொகுதியில், தொழிலாளரைப் பலியிட்டு வேலை நிலைமைகளிற் செய்யப்படும் சிக்கனம் பற்றித் தனியாக ஆராய்கின்றார். இடம், காற்று, பாதுகாப்பு ஆகியவற்றில் மிச்சம் பிடிப்பது இலாப விகிதத்தை உயர்த்தும் வழிகளுள் ஒன்றென அவர் காட்டினார். எங்கெல்ஸ் அத்தொகுதியை வெளியிட்ட 1894ஆம் ஆண்டு, இலங்கையில் கோப்பி அழிந்து தேயிலை வேரூன்றிவிட்ட காலம். மார்க்ஸ் கண்டவை ஆலைகளும் சுரங்கங்களும். மலையகத்தில் அச்சிக்கனம் வெட்டவெளியில் நிகழ்ந்தமையால் அது சிக்கனமாகவே தோன்றவில்லை. மலையின் இயல்பாகத் தோன்றியது.

பிள்ளைக் காம்பரா ஒன்றே இதற்கு விலக்கு எனலாம். வேலைக்குச் செல்லும் தாய் குழந்தையை விட்டுச்செல்ல ஓரிடம் அமைந்தது. அதன் பயனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும் தாயின் இரு கைகளையும் கொழுந்துக்கு விடுவிக்கும் வசதி முதலிற் கிடைத்தமையும், அவள் உடலுக்கான வசதி கிடையாமையும் ஒரே கணக்கின் இரு பக்கங்களே.

3. சட்டம் கீறிய கோடு

1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் சட்டம், பிரித்தானியாவின் 1937ஆம் ஆண்டுச் சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டது. குடிநீர், கழுவும் வசதி, கழிப்பிடம், வேலை நேரத்தில் அணியாத உடையை வைக்கும் இடம் ஆகியன தொழிலாளருக்கு அளிக்கப்பட வேண்டுமென அது விதித்தது. நகரத் துவிச்சக்கர வண்டியாளர் இன்று கேட்பவற்றின் கரு இங்கேயே உள்ளது.

தேயிலை ஸ்டோர் இச்சட்டத்தின்படி தொழிற்சாலை. தேயிலை மலை அவ்வாறன்று. ஒரே தோட்டத்தில் ஒரே உற்பத்தியின் இரு கட்டங்களுக்கிடையே சட்டம் ஒரு கோட்டைக் கீறிற்று. கோட்டின் ஒருபுறம் ஸ்டோர் வேலையாட்கள், தொகையிற் குறைந்தவர்கள். மறுபுறம் மலையில் நின்ற பெரும்பான்மைப் பெண்கள். கூரைக்குக் கீழே வந்தபின்னரே உழைப்பாளருக்குத் தேவைகள் தோன்றுகின்றன என்பதுபோல் இது அமைந்தது.

இக்கோடு இலங்கைக்கு மட்டும் உரியதன்று. சர்வதேசத் தொழில் தாபனம் 1956இல் உணவு, ஓய்விடம், போக்குவரத்து ஆகிய நலவசதிகள் பற்றி நிறைவேற்றிய 102ஆம் இலக்கப் பரிந்துரை, விவசாயத் தொழிலாளரை வெளிப்படையாகவே விலக்கியது. அவர்கள் உள்ளடக்கப்படுவதற்கு 2001ஆம் ஆண்டின் 184ஆம் இலக்க உடன்படிக்கை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதனோடு இணைந்த பரிந்துரை குடிநீர், ஆண் பெண் இருபாலாருக்கும் தனித்தனிக் கழிப்பிடம், பாதுகாப்பு உடைகளை வைக்கவும் கழுவவும் வசதி, வேலைக்கான போக்குவரத்து ஆகியவற்றைக் குறிப்பிடுகின்றது. தொழிற்சாலை வாசலிலிருந்து வயல்வரப்பை அடைய உலகச் சட்டத்துக்கு அரை நூற்றாண்டு சென்றது.

4. மாற்று வழிகள் இருந்தன

இந்நிலை தவிர்க்க இயலாததொன்றா? இரு உதாரணங்கள் அல்ல என்று காட்டுகின்றன.

முதலாவது, பிரித்தானிய நிலக்கரிச் சுரங்கம். கரியோடும் ஈர உடையோடும் வீடு திரும்பிய தொழிலாளருக்குச் சுரங்க வாயிலிலே நீராடும் அறை வேண்டும் என்ற கோரிக்கை 1911ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெற்றது. மூன்றில் இரு பங்கினர் விரும்பினால் அமைக்கலாம் என்ற நிபந்தனை காரணமாக அது பெரிதும் ஏட்டளவிலேயே நின்றது. 1926இல் சுரங்க உரிமையாளர் பெறும் உரிமைப்பணத்தின்மீது அதற்கென வரி விதிக்கப்பட்ட பின்னரே நீராடும் அறைகள் பரவலாக எழுந்தன. வசதி வேண்டுமெனச் சொல்வதால் மட்டும் அது வந்துவிடாது. செலவை யார் ஏற்பது எனத் தீர்மானிக்கப்படல் வேண்டும்.

இரண்டாவது, இந்தியாவின் 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம். அது தோட்டம் முழுவதையும் வேலைத்தளமாகக் கொண்டு குடிநீர், கழிப்பிடம், உணவகம், குழந்தைக் காப்பகம் ஆகியவற்றை விதித்தது. மழைக்கும் குளிருக்கும் குடை, கம்பளி, மழையங்கி போன்றவற்றை வழங்கச் செய்யும் அதிகாரமும் அதில் இருந்தது. நீலகிரியிலும் ஆனைமலையிலும் அது முற்றாக நடைமுறையாகியது என நாம் கூறவில்லை. ஆயினும் கொழுந்து பறிப்பவர் கேட்டுநிற்க ஒரு சட்டவிதி அங்கிருந்தது. அவருடைய உறவினரான இலங்கைத் தொழிலாளரோ, 1948இன் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டு நின்றார். வாக்கற்ற ஒரு மக்களின் கழிப்பிடம் பற்றிச் சட்டமன்றம் விவாதிக்க வேண்டிய தேவை எழவில்லை. தொழிற்சங்கங்களும் கூலியையும் குடியுரிமையையும் முதன்மைப்படுத்த வேண்டிய நிர்ப்பந்தத்தில் இருந்தன. அதனைக் குறைகூறுதல் வரலாற்று நோக்காகாது. எனினும் சங்கங்களின் தலைமை பெரிதும் ஆண்களிடம் இருந்தமையும், இத்தேவை பெண்களுடையதாக இருந்தமையும் சேர்த்தெண்ணத்தக்கன. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமகூலியே 1984இல்தான் கிட்டியது.

5. இன்றைய நிலை

1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமைத்துவம் பிராந்தியக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. உடைமை மாறியபோதும், ஸ்டோருக்கும் மலைக்கும் இடையிலான கோடு அழியவில்லை. அண்மைக் காலத்தில் மலையில் கழிப்பிடமும் கைகழுவும் நீரும் பற்றிய பேச்சு எழுந்ததற்கு, தேயிலையை வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்கள் எதிர்பார்க்கும் சான்றிதழ்கள் ஒரு முக்கிய காரணமாகும். இதனாற் சில இடங்களில் விளைந்த நன்மையை வரவேற்கலாம். ஆனால் உரிமையாக வரவேண்டியது சரக்கின் நற்பெயருக்கான நிபந்தனையாக வருமிடத்து, அது மீண்டும் தேயிலைக்குச் செய்த வசதியாகவே எஞ்சும் ஆபத்து உண்டு. வாங்குவோர் மாறினால் நிபந்தனையும் மாறும்.

துவிச்சக்கர வண்டிக்கு இங்கு இன்னொரு தொடர்பும் உண்டு. 1888இல் டன்லொப் காற்றடைத்த டயரை ஆக்கிய பின்னர் உலகின் இறப்பர்த் தேவை பெருகியது. இலங்கையின் இறப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டியோரிலும் பெருந்தொகையினர் தமிழ்த் தொழிலாளரே. உலகின் வேலையாட்கள் சக்கரத்தில் ஏறிச்செல்ல உதவிய உழைப்பு, தான் கால்நடையாகவே வேலைக்குச் சென்றது. அச்சக்கரத்திற் செல்வோருக்கு இன்று நியாயமெனக் கொள்ளப்படும் வசதிகளைத் தேயிலை மலைக்குக் கேட்பது மிகையன்று.

எனவே கோரிக்கை தெளிவாக வரையறுக்கப்படல் வேண்டும். தேயிலை மலையும் வேலைத்தளம் எனச் சட்டம் ஏற்றல் வேண்டும். லயத்திலிருந்து மலைக்கான நடை பயணம் எனக் கொள்ளப்படல் வேண்டும். ஒவ்வொரு மலைக்கும் எட்டக்கூடிய தூரத்தில் கூரையுள்ள ஒதுங்கிடம், பெண்களுக்குத் தனியான கழிப்பிடம், நீர், நனைந்த உடையை மாற்றி உலர்த்தும் வசதி ஆகியன அமைதல் வேண்டும். செலவு தேயிலையின் ஆதாயத்திலிருந்து ஒதுக்கப்படல் வேண்டும். வாடும் கொழுந்துக்கு மாடிகட்டத் தெரிந்த ஒரு தொழில், இவற்றைக் கட்டத் தெரியாது எனக் கூற இயலாது.